திருவொற்றியூருக்குப் புகைப்பெட்டியோடு ஒரு பயணம்

திருவொற்றியூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சாமி கும்பிடப் போவார்கள். நான் போனது ஒரு புகைபோக்கியைப் பார்க்க. சென்ற மாசி மாதம் என் வீட்டுக்காரரோடு கிளம்பிப் போய் நாலு நாள் அங்கே இருந்துவிட்டு வந்தேன். கண்ணாடிச் சாமான்களோடு அந்தப் பக்கம் போக வேண்டியவர்களுக்கும், தொழிற்சாலை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். எந்தத் தொழிற்சாலை என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கே புகைபோக்கிக்குப் பஞ்சமில்லை, ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. கத்தரிக்காய் வாங்கினால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். கடைக்காரர் சிரித்தால் இன்னொரு தடவை திருப்பிப் பார்ப்பேன். இந்தக் குணத்தோடு பட்டணம் போனால் பாதி சுகம் கெடும், ஆனால் பை தொலையாது.

என் வீட்டுக்காரர் ஒரு பல்கலைக்கழகத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறார். நாலு வருஷமாகத் தற்காலிக வேலை. இந்த நாலு வருஷத்தில் அவர் ஒரு பெட்டி செய்திருக்கிறார். பாய்லரில் கரி எரிந்து புகை மேலே போகிறதல்லவா, அதில் கொஞ்சத்தை ரப்பர் குழாய் வழியாக இந்தப் பெட்டிக்குள் இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் காரத் தண்ணீர் கரியமில வாயுவைக் குடித்துவிடும். எவ்வளவு குடித்தது என்பதை ஒரு முள், சுற்றுகிற காகிதத்தில் கோடாகப் போடும். கரி ஒழுங்காக எரிந்தால் கோடு மேலே நிற்கும். வீணானால் கீழே இறங்கும். சீமையிலிருந்து வருகிற கருவிக்குக் கொள்ளை விலை. இவருடையது உள்ளூர்க் கண்ணாடியும் ஒரு பழைய அலாரம் கடிகாரமும் சேர்ந்தது.

ஏதாவது ஒரு தொழிற்சாலை இந்தப் பெட்டியை ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் இந்த வருஷத்தோடு சரி என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்று மூன்று நாள் வைத்துப் பார்க்கச் சம்மதித்தது. மருந்து கலக்குவது, குழாய் கழுவுவது எல்லாம் வீட்டில் என் கை வேலைதான், அதனால் நானும் போனேன். உண்மையைச் சொன்னால், அவரைத் தனியாக அனுப்ப எனக்குப் பயம். சொன்னதையெல்லாம் நம்பிவிடுவார்.

எழும்பூரில் காலை ஆறரைக்கு இறங்கினோம். திருவொற்றியூர் அங்கிருந்து சுமார் ஏழு மைல். பெட்டி இல்லாதவர்கள் பாரிமுனை போய் பஸ் பிடிக்கலாம். எங்களுக்கு ஜட்காதான். மூன்று ரூபாய் கேட்டார் வண்டிக்கார சாயபு, இரண்டேகாலுக்குப் படிந்தார். யானைக்கவுனி தாண்டுவதற்குள் வண்டியை ஓரம் கட்டினார்.

"இன்னா சார், பொட்டி குலுங்கச் சொல்ல பாட்டில் சத்தம் கேக்குது? சரக்கா?"

"மருந்துங்க. காலேஜ் மருந்து" என்றார் இவர்.

"அல்லாரும் மருந்துன்னு தான் சொல்றாங்கோ. என் வண்டிய மாட்டி வுட்டுடாதே நைனா, குதிரைக்கு வேற பொழப்பு தெரியாது."

மதுவிலக்கு ஊரில் பாட்டில் சத்தம் எவ்வளவு பேஜாரு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தண்டையார்பேட்டையில் கொருக்குப்பேட்டைக்குப் போகும் கரி வண்டிகளுக்காக ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே ஒரு கான்ஸ்டபிள் வந்து மூடியைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தார். காரத் தண்ணீர் மூக்கில் ஏறி நாலைந்து தும்மல் போட்டுவிட்டு, கையை ஆட்டிப் போகச் சொன்னார். வண்டிக்காரர் அப்புறம் ராஜ மரியாதையாக ஓட்டினார்.

தேரடிப் பக்கம் ஒரு சத்திரத்தில் இடம் கிடைத்தது. அறை சுத்தம், தண்ணீர் உப்பு. கொடியில் போட்ட வெள்ளை வேட்டியை மத்தியானம் எடுத்தால் மிளகு தூவியது போல் கரிப்பொட்டு இருக்கும். தட்டக் கூடாது, ஊதிவிட வேண்டும். தட்டினால் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

தொழிற்சாலை மேனேஜர் எங்களை உட்காரச் சொல்லாமலே பெட்டியைச் சுற்றி வந்தார். "உள்ளூர்க் கண்ணாடியா? சூடு தாங்குமா?" என்றார். தாங்கும் என்றார் இவர். "பார்க்கலாம்" என்றார் மேனேஜர். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை. சீமைக் கருவி விற்கிறவனிடம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டு எங்களை ஒப்புக்குக் கூப்பிட்டிருப்பாரோ என்று நினைத்தேன்.

பாய்லர் கொட்டகையில் பயர்மேன்கள் ஏழெட்டுப் பேர், கரி வாரிப் போடுகிறவர்கள். எல்லோரும் பக்கத்து மீனவக் குப்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு மேஸ்திரி தேசப்பன். மார்பு முழுக்க நெருப்புப் பொரிந்த தழும்புள்ள பெரிய உருவம். என் வீட்டுக்காரர் பெட்டியை மாட்டிவிட்டு, வகுப்பு எடுக்கிற பழக்கத்தில் அவர்களையும் கூட்டி வைத்து விளக்கினார்.

"நீங்க போடற கரியில எத்தனை பங்கு ஒழுங்கா எரியுது, எத்தனை பங்கு வீணாப் போகுதுன்னு இந்தப் பெட்டி சொல்லிடும். பங்கு குறைஞ்சா கோடு இறங்கிடும். யாரும் மறைக்க முடியாது!"

அவர் சந்தோஷமாகச் சொன்னார். ஆனால் அந்தச் சொல் விழுந்ததும் கொட்டகையில் ஒருத்தர் முகமும் நேராக இல்லை. ஒருவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். தேசப்பன் என் வீட்டுக்காரரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். சரி, இங்கே ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அன்று காலையெல்லாம் கோடு பன்னிரண்டு பங்கில் அசையாமல் நின்றது. மத்தியானம் ஷிப்ட் மாற அரைமணி இருக்கும்போது சரசரவென்று இறங்கி நாலில் விழுந்தது. ஷிப்ட் மாறி, புதுக் கரி போட்ட பிறகுதான் ஏறியது. மேனேஜர் காகிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எங்கேயோ ஒழுகுது சார் உங்க கண்ணாடி."

என் வீட்டுக்காரர் சாப்பிடக்கூட வராமல் ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒழுகினால் குமிழி வரும். ஒரு குமிழி வரவில்லை. இரவு தூக்கத்தில் புரண்டுகொண்டே இருந்தார். எனக்கு அழுகையாக வந்தது. நாலு வருஷம் அந்தப் பெட்டியோடு நானும் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், அது பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் வேறு யாரோ சொல்கிறார்கள்.

மறுநாளும் அதே நேரத்தில் கோடு இறங்க ஆரம்பித்தது. நான் பெட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தேன். பயர்மேன்கள் அடுப்புக் கதவைத் திறந்து நெருப்பை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். சாம்பலையும் கட்டிதட்டிய கசடையும் இழுப்பது வழக்கம்தான், பத்து நிமிஷ வேலை என்று இவர் சொல்லியிருக்கிறார். இவர்கள் இழுத்ததில் சரிபாதி, அரைகுறையாக எரிந்த நல்ல கரி; அடுப்பில் நெருப்பு குறைந்ததால்தான் கோடு விழுந்தது. தண்ணீர் தெளித்து அணைத்துத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். நான் வண்டியின் பின்னாலேயே பின்வாசலுக்குப் போனேன்.

மதிலுக்கு வெளியே, தண்டவாள ஓரத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடைகளோடு நின்றார்கள். வண்டி கவிழ்ந்ததும் அடித்துக்கொள்ளவில்லை, முந்தவில்லை. பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி ஒவ்வொருவராக வந்து வாரினார்கள். திருட்டுக்கு இவ்வளவு ஒழுங்கா என்று எனக்கு இன்னும் சந்தேகம் கூடியது. முன்னால் நின்றவள் என்னைப் பார்த்துவிட்டாள். அவள் பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"இன்னாம்மா பாத்துகினு கீற?"

"இந்தக் கரி யாரு குடுக்கறாங்க?"

"தெரிஞ்சிகினே கேக்கறியே! உங்கூட்டுக்காரரு தானே உள்ள பங்கைப் பத்திப் பேசினாரு? எத்தினி பங்கு வீணாப் பூடுதுன்னு பொட்டி சொல்லும்னாராமே. இது இன்னா வீணா? இது கரைப் பங்கும்மா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் விளங்கின மாதிரி தலையாட்டினேன். ஆட்டினால்தான் மேலே பேசுவார்கள்.

"கடலுக்குப் போனா வலைக்கு ஒரு பங்கு, கட்டுமரத்துக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. அப்பால ஆம்பள இல்லாத வூட்டுக்குன்னு ரெண்டு கை மீனு கரையிலயே வெச்சிட்டுத்தான் எங்காளுங்க வூட்டுக்குப் போவாங்க. அத்தான் கரைப் பங்கு. இப்ப பாதிப் பேரு கடலுக்குப் போறதில்ல, இங்க வந்து நெருப்பு தள்றாங்க. நெருப்புல மீனா கீது? கரிதான் கீது. அத்த வெக்கிறாங்க."

அவளுடைய புருஷன் போன கட்டுமரம் மட்டும் ஒரு நாள் திரும்பி வந்ததாம். அதற்கப்புறம் இந்தக் கரியில் அடுப்பு மூட்டி, காலை ஷிப்டுக்கு வருகிறவர்களுக்கு வாசலில் ஆப்பம் சுட்டு விற்கிறாள். கூடையோடு நின்ற எல்லோரும் அப்படிப்பட்ட வீட்டுக்காரிகள்தான். சொல்லிவிட்டு அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "மேனேஜராண்ட சொல்லுவியா?" என்றாள். நான் கொட்டகைப் பக்கம் திரும்பி நடந்தேன். சொன்னால்தானே எங்கள் பெட்டி பிழைக்கும்?

சாயங்காலம் சத்திரத்தில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். "அப்போ பெட்டி சரியாத்தான் சொல்லுது, கோமதி!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் தேசப்பன் வந்தார். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றார்.

"சார், நீ பங்குன்னு சொன்னப்பவே எங்களுக்குப் புரிஞ்சி போச்சி. யாரு சொன்னாங்கோன்னு கேக்கல. மேனேஜராண்ட சொல்லிட்டியா, அத்த மட்டும் சொல்லு."

என் வீட்டுக்காரர் திகைத்துப் போனார். "நான் சொன்னது வாயுவோட பங்கு, தேசப்பன். நூத்துல எத்தனைங்கற கணக்கு. உங்க பங்கு எனக்குத் தெரியவே தெரியாது."

தேசப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட கஸ்மாலம்! நானே வந்து வலைல வுழுந்துட்டனா?"

ரசாயன வாத்தியாருக்குப் பங்கு என்றால் நூற்றில் ஒன்று. குப்பத்துக்காரர்களுக்குப் பங்கு என்றால் பங்குதான். நான் சிரித்திருப்பேன், அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததால் சிரிப்பு வரவில்லை. வெளியே தெரிந்தால் ஏழெட்டுப் பேருக்கும் வேலை போகும், போலீசும் வரும்.

"சார், உன் பொட்டி பொய் சொல்லுதுன்னு அவரு சொன்னா உனுக்கு இன்னா ஆவும்?"

"எனக்கும் வேலை இருக்காது" என்றார் இவர்.

தேசப்பன் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். வாக்கு எதுவும் கேட்கவில்லை, இவரும் கொடுக்கவில்லை. அந்த ஆள் இரவோடு இரவாகப் பெட்டியை உடைத்துவிடுவானோ என்று நான் பயந்தேன். மறுநாள் விடிந்ததும் முதலில் ஓடிப் போய்ப் பார்த்தேன். பெட்டி பத்திரமாக இருந்தது. யாரோ துணி போட்டு மூடிக்கூட வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் ஷிப்ட் மாறுகிற நேரம். கோடு பன்னிரண்டிலேயே நின்றது. இறங்கவே இல்லை. பயர்மேன்கள் கசடை மட்டும் இழுத்துத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒருவரும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பின்வாசலில் அந்தப் பெண்கள் வெறும் சாம்பலைக் கிளறிவிட்டுக் கூடைகளைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள். மேனேஜர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நாளைக்குக் காலையில வாங்க, பேசலாம்" என்றார்.

காலையில் போகும்போது வாசலில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாவுப் பானை, எதிரே எரியாத அடுப்பு. வருகிறவர்கள் எல்லாம் "இன்னாக்கா, ஆப்பம் இல்லியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். எனக்கு அவள் எதிரில் நிற்கக் கூச்சமாக இருந்தது.

"மாவு புளிச்சிப் பூடாதா?" என்றேன்.

"ஒரு நாளு தானேம்மா. உங்க பொட்டி பாஸ் ஆவட்டும்னு தேசப்பண்ணன் சொல்லிச்சி. நாளையிலேந்து வந்துரும்ல?"

பெட்டி பாஸானால் அது அங்கேயே இருக்கும், நாள் தவறாமல் கோடு போடும். எங்களுக்காக ஒரு நாள் பங்கை விட்டுக்கொடுத்தவர்கள், இனி வரும் எல்லா நாளையும் சேர்த்து விட்டுக்கொடுத்துவிட்டார்கள். அது அவளுக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது. அன்று அவர் வெற்றிலைகூடப் போடவில்லை.

மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். நான்கு பாய்லருக்கும் நான்கு பெட்டி வேண்டும், பல்கலைக்கழகத்துக்கு இன்றே எழுதிவிடுகிறேன் என்றார். தேசப்பனைக் கூப்பிட்டு நிற்க வைத்து, "இனிமே எவன் கரியை வீணாக்கினாலும் பெட்டி காட்டிக் கொடுத்துடும், தெரிஞ்சுக்கோ" என்றார். தேசப்பனின் முகம் மாறுவதைப் பார்த்தேன். அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு விஷயம் புரிந்தது.

"ஆனா ஒண்ணு" என்று மேனேஜர் இவர் பக்கம் திரும்பினார். "முதல் ரெண்டு நாள் ஏன் கோடு விழுந்தது? அதைச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் காபி தம்ளரைக் கீழே வைத்தார். பொய் சொன்னால் காது சிவந்துவிடும் மனிதர் அவர். அதனால் வீட்டில் சொல்வதே இல்லை.

"தேசப்பன்..." என்று ஆரம்பித்தார். காட்டிக் கொடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"தேசப்பனுக்குக் காட்டிக் கொடுத்திருக்கேன் சார். ஷிப்ட் முடியறப்போ நெருப்பைக் கிளறினா தூசு ஏறிக் குழாயை அடைச்சுடுது. அந்த அரைமணி நேரம் பெட்டியை நிறுத்திட்டுக் குழாயைக் கழட்டிக் கழுவணும். அதுவரைக்கும் முள் நின்ன இடத்துலேயே நிக்கும், நேத்து மாதிரி. எப்படின்னு அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"ஒவ்வொரு ஷிப்டுக்குமா?"

"ஒவ்வொரு ஷிப்டுக்கும். கழுவலேன்னா பெட்டி பொய் சொல்லும்."

மேனேஜர் தேசப்பனைப் பார்த்தார். தேசப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆமா சார், வாத்தியாரு காட்டினாரு. பேஜாரு புடிச்ச கொழாய், கழுவிகினே இருக்கணும்" என்றார்.

அந்தக் குழாயை வீட்டில் கழுவுகிறவள் நான். வாரம் ஒரு தடவை கழுவினால் தாராளம். தேசப்பனுக்கு இவர் எதையும் காட்டவும் இல்லை. இவரது காது இரண்டும் தக்காளியாகச் சிவந்திருந்தன. மேனேஜர் அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டு முதுகில் தட்டினார்.

பாரிமுனை பஸ்ஸில் கேட்டேன்: "அவங்களுக்காகச் சொன்னீங்களா, நம்ம வேலைக்காகச் சொன்னீங்களா?" "குழாய் சுத்தமா இருந்தா நல்லதுதானே" என்றார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஜட்காக்காரரில் தொடங்கி மேனேஜர் வரை ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டேன். கடைசியில் கண்ணெதிரே புளுகினவர் எனக்குத் தாலி கட்டினவர். இந்தக் கல்யாணத்தில் எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் குறைவு.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். வெள்ளைத் துணி எடுத்துப் போகாதீர்கள். கண்ணாடிச் சாமான்களை வைக்கோலில் சுற்றுங்கள். பாட்டில் இருந்தால், என்ன மருந்து என்று காலேஜில் எழுதி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாரிமுனையிலிருந்து பஸ்ஸுக்கு மூன்றணா, ஆனால் கடல் பக்கத்து ஜன்னலில் உட்காருங்கள்; மறுபக்கம் உட்கார்ந்தால் கண்ணில் கரி விழும். குடிக்கிற தண்ணீரை ராயபுரத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தொழிற்சாலையிலாவது பாய்லர் பார்க்க அனுமதித்தால் போய்ப் பாருங்கள். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஒரு பெரிய ஆள், பளபளவென்று இருக்கிற குழாயை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தால் ஏன் என்று கேட்காதீர்கள். விடியற்காலையில் போனால் வாசலில் சூடாக ஆப்பம் கிடைக்கும். நான் கடைசிவரை சாப்பிடவில்லை, நீங்களாவது சாப்பிடுங்கள். அடுப்பில் எரிவது எந்தக் கரி என்று குனிந்து பார்க்க வேண்டாம். ஆப்பத்தைத் தின்னச் சொன்னார்களா, குழியை எண்ணச் சொன்னார்களா?